தொடாக்காஞ்சியும் ஜான்சிராணிப் படையும்: தோல்விக்குப் பின் மலாயாத் தமிழ்ப் பெண்கள்

போரில் புண்பட்டு வீழ்ந்த வீரனைப் பேய் தீண்டாதவாறு அவன் மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியர் காஞ்சித் திணையின் ஒரு துறையாக வகுத்தார். தொடாக்காஞ்சி என்பது அதன் பெயர். புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு அத்தகைய காட்சியொன்றைக் கண்முன் நிறுத்துகிறது. மனையின் இறைப்பில் வேம்பும் இரவமும் செருகப்படுகின்றன. ஐயவி சிதறப்படுகிறது. யாழும் குழலும் மணியும் ஒலிக்கின்றன. மனையெங்கும் நறும்புகை கமழ்கிறது. இவற்றையெல்லாம் செய்யும் தலைவி தனித்து நிற்கவில்லை. தன் தோழியை உடனழைக்கிறாள் என்பது கருதத்தக்கது. புண்ணைக் காத்தல் ஒருத்தி மட்டும் செய்யும் வேலையன்று, பெண்கள் கூடிச் செய்யும் தொழில் என்பதை அப்பாட்டு குறிப்பாக உணர்த்துகிறது.

இத்துறையில் புண் ஆணுக்கு உரியது. காவல் பெண்ணுக்கு உரியது. பெண்ணே போர்க்கோலம் பூண்டு சென்று, தோல்வியுற்றுத் திரும்பினால் அவள் புண்ணைக் காப்பவர் யார்? பழைய இலக்கணத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை. 1945ஆம் ஆண்டு மலாயாவில் அது எழுந்தது. பர்மாவிலிருந்து கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கும் திரும்பிய ஜான்சிராணிப் படைப் பெண்கள் அவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை கண்டனர். படையின் கதை பலமுறை எழுதப்பட்டுள்ளது. படை கலைந்தபின் அப்பெண்கள் தம்மை எவ்வாறு தேற்றிக்கொண்டனர் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை.

கிள்ளானில் விழுந்த முதற்புண்

ஜான்சிராணிப் படையில் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் மலாயாவிலேயே பிறந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்டறியாதவர் அவருட் பலர். காணாத நாட்டின் விடுதலைக்காக அவர் உயிர்கொடுக்க முன்வந்தது ஏன் என்று வியப்போர் உண்டு. அவ்வியப்புக்கு விடை இந்தியாவில் இல்லை, கிள்ளானில் இருக்கிறது.

சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு 1928ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரவரிசையில், ஒரே விடியலில், ஒரே உளியால் பால் வெட்டிய இருவருள் ஒருவருக்குப் பத்துக் காசு குறைவு. அதற்குக் காரணம் அவர் பெண்ணாகப் பிறந்தது ஒன்றே. 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. தமிழ் நேசன் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் அதற்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை நோக்கினால் அவை கூலியோடு நின்றுவிடவில்லை என்பது விளங்கும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் முன்னே மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்குதல், தோட்டப் பெண்கள்பால் துரைமாரும் அவரைப் பின்பற்றிய மேலாட்களும் இழைத்துவந்த தகாத செயல்களை ஒழித்தல் ஆகியன அவற்றுட் சில.

இப்பட்டியலில் பாதி பெண்ணின் உடலையும் மானத்தையும் பற்றியது. மருந்தகமும், கள்ளில்லாத வீடும், தீண்டப்படாத மேனியும் அரசியற் கோரிக்கைகளாக அன்றே எழுதப்பட்டுவிட்டன. ஆயின் அவை நிறைவேறவில்லை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இரண்டாண்டுக்குப் பின் வந்த அழைப்பைத் தோட்டத்துப் பெண்கள் அத்துணை விரைவாக ஏற்றதற்கு இந்த ஆறாப் புண்ணும் ஒரு காரணம் எனலாம்.

படைவீடு

1943ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்று அறைகூவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1940 முதல் சிங்கப்பூரில் மருத்துவம் செய்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அப்படைக்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. துப்பாக்கிப் பயிற்சியோடு செவிலியர் பயிற்சியும் அங்கே அளிக்கப்பட்டது.

கோலாலம்பூரில் போஸ் பேசிய கூட்டத்தில் தம் காதணியைக் கழற்றிக் கொடுத்தவர் ஜானகி தேவர். 1925ஆம் ஆண்டு செல்வக்குடியொன்றில் பிறந்த அவர்க்கு அப்பொழுது அகவை பதினெட்டு. தந்தையின் மறுப்பை நெடிது வாதாடி வென்று படையிற் சேர்ந்தார். முகாமின் கடுமை முதலில் அவரை வாட்டியது. ஆயினும் நாளடைவில் படையின் இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார். ஈப்போவில் வளர்ந்த இராசம்மாள் நவரத்தினம், தம் தமக்கை பொன்னம்மாளுடன் சேர்ந்தபோது பதின்பருவத்தினர். பின்னாளில் இராசம்மாள் பூபாலன் என மலேசியா முழுதும் அறியப்பட்டவர் இவரே. இவர்களோடு பெயர் அறியப்படாத தோட்டத்துப் பெண்கள் பலர் ஒரே வரிசையில் நின்றனர். செல்வர் மகளும் பால் வெட்டுபவர் மகளும் ஒரே உணவு உண்டு, ஒரே உடை உடுத்தி, ஒரே கூரையின்கீழ்த் துயின்றது மலாயாத் தமிழர் வரலாற்றில் புதுமையாகும்.

இப்படை நேரே நின்று போரிட்டதா என்பது பற்றி ஆய்வாளரிடையே வழக்கு உண்டு. வீரா ஹில்டர்பிராண்ட் 2016இல் வெளியிட்ட நூல், போர்முனையில் அவர்கள் பொருதவில்லை என்னும் முடிவுக்கு வருகிறது. இது படையின் பெருமையைக் குறைப்பதாகச் சிலர் கருதுவர். சுட்ட தோட்டாக்களை எண்ணிப் பெருமையை அளப்பது பிழையான அளவை. இம்பால் களத்திலிருந்து புண்ணும் நோயுமாக வந்து குவிந்த வீரர்க்குப் பர்மாவின் மேமியோ மருத்துவமனையில் பணிபுரிந்தவர் இப்பெண்களே. குண்டுவீச்சுக்கிடையே புண்ணாற்றியதே அவர்தம் போர்க்களம். தொடாக்காஞ்சியின் பழந்தொழில் அங்கே ஒரு படையின் கடமையாக விரிந்தது. உறவல்லாத வீரர்க்கு, ஊரறியாத நாட்டில், பெண்கள் அணியாய்த் திரண்டு அதைச் செய்தனர்.

இரங்கூனிலிருந்து திரும்பிய வழி

1945ஆம் ஆண்டு ஏப்ரலில் இரங்கூன் வீழும் நிலை எய்தியது. மலாயாப் பெண்களை அனுப்பாமல் தாம் வெளியேறுவதில்லை என்று போஸ் உறுதியாக நின்றார். ஏப்ரல் 24 இரவு அவரும் எஞ்சிய பெண்களும் புறப்பட்டனர். வானூர்திகளுக்கு அஞ்சிப் பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும், சித்தாங் ஆற்றைக் கடந்தும், மூன்று வார அளவில் பாங்காக்கை அடைந்தனர். ஜானகி அப்பெண்களை நடத்திவந்தார். வேறொரு குழுவிற் சென்ற ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் வழியில் நேர்ந்த தாக்குதலில் உயிரிழந்தனர்.

ஆகஸ்டு 15இல் சப்பான் சரணடைந்தது. மூன்றே நாளில் போஸ் வானூர்தி விபத்தில் மறைந்தார் என்னும் செய்தி வந்தது. சிங்கப்பூர்க் கடற்கரையில் ஜூலையில் அவர் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னத்தைச் செப்டம்பரில் மீண்டுவந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். தலைவரும் இல்லை, படையும் இல்லை, நின்று அழுவதற்கு ஒரு கல்லும் இல்லை. அப்பெண்கள் வீடு திரும்பியது இந்நிலையில்தான்.

வீடோ முன்போல் இல்லை. சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டவர். தமிழரே அவருட் பெரும்பான்மையர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. தோட்டந்தோறும் கைம்பெண்களும் தந்தையில்லாப் பிள்ளைகளும் எஞ்சினர். மரவள்ளிக்கிழங்கே உணவாயிருந்த உடல்கள் நோய்க்கு இரையாயின. எந்தச் சப்பானியருடன் சேர்ந்து விடுதலை பெறலாம் என்று படை கருதியதோ, அச்சப்பானியரே அக்கொடுமையை இழைத்தவர். ஆதலின் திரும்பிய பெண்களின் துயர் தோல்வித் துயரோடு அமையவில்லை. தாம் நம்பியது சரிதானா என்னும் கேள்வியும் அதனுட் கலந்திருந்தது. ஆற்றுதற்கு மிகவும் அரிய புண் அது.

ஆற்றும் வழி

1946ஆம் ஆண்டு மார்ச்சில் நேரு மலாயா வந்தார். அவ்வாண்டில் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவொன்று மலாயாவுக்கு அனுப்பப்பட்டது. ஜானகி அதிற் சேர்ந்து பணிபுரிந்தார். இராணுவ உடையைக் களைந்து ஓராண்டு கழிவதற்குள் அவர் தேர்ந்தது ஓய்வன்று. நோயுற்ற தம் மக்களுக்கு மருந்து சேர்க்கும் பணி. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராகவும் விளங்கினார். பின்னர் மலேசிய மேலவையில் இடம்பெற்றார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் மறைந்தார்.

இராசம்மாளின் வழி வேறு. சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று ஆசிரியரானார். ஆசிரியைகளுக்கு ஆண் ஆசிரியர்க்கு நிகரான ஊதியம் இல்லாமை கண்டு 1960ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசின் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்தார். சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் கோரிக்கை அப்பத்தாண்டுக்குள் வெற்றி கண்டது. தோட்டத்தில் பெண்ணுக்குக் குறைக்கப்பட்ட பத்துக் காசையும் பள்ளியில் ஆசிரியைக்குக் குறைக்கப்பட்ட ஊதியத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர்க்கு இவ்வெற்றியின் பொருள் விளங்கும். பின்னர்க் கோலாலம்பூர் மெதடிஸ்டு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும், தேசிய மாதர் அமைப்புகளின் பேரவையை உருவாக்கியவருள் ஒருவராகவும் பணியாற்றினார். இளம் கிறித்தவ மாதர் சங்கத்தின் வழியே, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்களுக்குத் தொழிற்பயிற்சி கிடைக்கச் செய்தார்.

படைத்தலைவர் லட்சுமி இந்தியா திரும்பிக் கான்பூரில் மருத்துவமனை அமைத்தார். பிரிவினையின் அகதிகள், 1971இல் வங்க அகதிகள், 1984இல் போபால் நச்சுக்காற்றால் பாதிக்கப்பட்டோர் எனத் துயருற்றோர் இருந்த இடமெல்லாம் அவர் சென்றார். 2012இல் மறையும்வரை அவ்வாழ்வு மாறவில்லை.

துப்பாக்கி ஏந்திய பெண்கள் மீண்டும் பணிவிடைக்கே திரும்பினர், இது பின்வாங்கல் அன்றோ என்று ஒருவர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயின் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. முன்னைப் பணிவிடை வீட்டுக்குள் விதிக்கப்பட்டது, கூலியற்றது, தனித்தனியே செய்யப்பட்டது. பின்னைப் பணி அவர்களே தேர்ந்தது. பொதுவிடத்தில், சங்கமாகக் கூடி, உரிமையென்று கேட்டுச் செய்தது. 1941இல் கிள்ளானில் மறுக்கப்பட்ட மருத்துவம், கல்வி, மானம், சமக்கூலி என்னும் அவையே அவர்தம் பின்வாழ்வின் பணிகளாயின. தோற்றது படையே அன்றிக் கோரிக்கையன்று.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்புமை

இவ்வாறு தோல்விக்குப்பின் தம்மைப் பேணிக்கொண்ட பெண்கள் வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் உழைத்த கறுப்பினப் பெண் பேனி லூ ஹேமர், 1962இல் வாக்காளராய்ப் பதிய முயன்றதற்காகத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு சிறையில் அடிக்கப்பட்டார்; அதன் நோவு இறுதிவரை அவர் உடலில் இருந்தது. 1964இல் சனநாயகக் கட்சியின் மாநாட்டில் தம் மக்களுக்கு உரிய இடங்களைக் கேட்டபோது இரண்டே இடம் தர முன்வந்தனர். அவர்தம் குழு அதை ஏற்க மறுத்து வெறுங்கையோடு திரும்பியது. அதன்பின் அவர் 1969இல் தொடங்கியது விடுதலைப் பண்ணை என்னும் கூட்டுறவு. நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார். ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிக்குட்டி வழங்கும் ஏற்பாடு செய்தார். பசித்தவர் வாக்குரிமையைக் காக்க இயலாது என்பது அவர் கண்ட உண்மை.

1983இல் பைலி ஏவரி என்பார் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களின் உடல்நல இயக்கத்தைத் தொடங்கினார். பெண்கள் வட்டமாய் அமர்ந்து தம் நோவை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பது அதன் முதன்மையான முறை. புற்றுநோயோடு போராடிய கவிஞர் ஆட்ரி லார்ட் 1988இல் வெளியிட்ட கட்டுரை நூலில், தன்னைப் பேணுதல் தன்னலமன்று, அதுவே போராட்டம் என்னும் கருத்தை நிறுவினார். இன்று அச்சொல் அழகுப்பொருள் விளம்பரம்வரை இறங்கிவிட்டது. அதன் பிறப்போ நோயிலும் தோல்வியிலும் ஆனது. ஹேமரும் ஜானகியும் ஒருவரையொருவர் அறியார். எனினும் ஏமாற்றம், பின் கூடிச்செய்யும் பணி என இருவர் பாதையும் ஒருபடித்தாய் அமைந்துள்ளது.

பெயர் எழுதப்படாதவர்

இதுகாறும் கூறியவை கல்வியும் குடிப்பிறப்பும் துணைநின்றவர் வரலாறு. தோட்டத்துக்கே திரும்பிய பெண்கள் நிலை யாது? அவர்க்குப் பல்கலைக்கழகம் இல்லை, மேலவை இல்லை, விருதும் இல்லை. விடியலில் மீண்டும் உளியும் வாளியும் ஏந்திப் பால்மரத்துக்குச் சென்றனர். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டனர். பேறுகாலத்தில் மருத்துவச்சியும் அண்டைவீட்டாரும் துணைநின்றனர். துயரை ஒப்பாரியிலும், மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் இறக்கிவைத்தனர். இவை பழைய முறைகளே. ஆயினும் ஆற்றலற்றவை அல்ல. ஒருத்தி அழும்போது சுற்றியிருந்து பலர் அழுவதே அவ்வுலகின் மருத்துவம்.

அவர்தம் எதிர்ப்பும் அடங்கிவிடவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்து கள்ளுக்கடை மறியல் நடத்தியது. இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பியோர் ஊட்டிய ஒழுங்கு அதில் வெளிப்பட்டது. கூலி கள்ளுக்கடையிற் கரையாமல் வீடுவந்து சேர்வது தோட்டப் பெண்ணுக்கு முதல் மருந்து. 1941இல் கிள்ளானில் கேட்கப்பட்டதும் அதுவே.

இராசம்மாளின் வாழ்வை அருணா கோபிநாத் 2007இல் நூலாக்கினார். ஜாய்ஸ் லெப்ரா 2008இல் படையின் வரலாற்றை எழுதினார். இந்நூல்களாற் பல செய்திகள் காக்கப்பட்டன. எனினும் நினைவு கூறியவருட் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்றவர். தோட்டப் பெண்ணின் நினைவு எழுத்தேறவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தோரண வாயில் திறக்கப்பட்ட 2015ஆம் ஆண்டில், கோலாலம்பூரின் இந்தியப் பண்பாட்டு நடுவத்துக்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. தலைவர்க்குப் பெயர் அமைந்தது நன்றே. அவர் அழைப்பை ஏற்று நடந்த தோட்டத்து மகளிர்க்கு அத்தகைய பெயர்ப்பலகை அமையவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர்கள் பால் வெட்டிய தோட்டங்களிற் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரங்களோடு லயங்களும், லயங்களோடு கோயில்களும் பெயர்க்கப்பட்டன. நினைவைத் தாங்கிய இடம் அழிந்தால் நினைவும் அழியும்.

அந்நினைவின் மிச்சம் இன்னும் சில வீடுகளில் உண்டு. பாட்டி வைத்திருந்த நிழற்படம், அவர் மறவாது சொல்லிய இந்துஸ்தானிக் கட்டளைச்சொல், இரவில் கால்நோவுக்குத் தைலம் தடவிக்கொண்டே கூறிய பர்மாக் கதை என அவை பேரப்பிள்ளைகளிடம் சிதறிக் கிடக்கின்றன. மலேசியத் தமிழ்ப் பள்ளி மாணவர்க்கு இல்லத்து முதியோர் கதையை எழுதி வருமாறு ஒரு பயிற்சி கொடுத்தாலே பல செய்திகள் வெளிவரும். புறநானூறு கற்பிக்கும் ஆசிரியர் தொடாக்காஞ்சித் துறையை விளக்கும் நாளில் இக்கதையையும் உடன்வைத்துக் கற்பிக்கலாம்.

அரிசில் கிழார் பாட்டில் வரும் தலைவிக்குப் பெயரில்லை. அவள் அழைத்த தோழிக்கும் பெயரில்லை. இருவரும் கூடிப் புண்ணைக் காத்த செயல் மட்டும் இரண்டாயிரம் ஆண்டாய் நின்றிருக்கிறது. அதைப் பாடி வைக்க ஒரு புலவர் இருந்தார். மலாயாத் தோட்டத்துப் பெண்ணுக்கு அவ்வாறு ஒருவர் வாய்க்கவில்லை. அக்குறையைத் தீர்க்கும் காலம் இன்னும் முற்றக் கடந்துவிடவில்லை.